கண்ணாடிப் புட்டியில் முதுகுத் தண்ணி

ஜோலார்பேட்டையைத் தாண்டினாலே எனக்கு வெளிநாடுதான். திருப்பூரில் பிறந்து, அங்கேயே ஒரு சாயப்பட்டறை லேப்பில் முப்பது வருஷம் தண்ணீரைச் சோதித்துவிட்டு ஓய்வு பெற்றவன் நான். வெளியூர் போனால் மற்றவர்கள் கோயில் பார்ப்பார்கள், கடைத்தெரு பார்ப்பார்கள். நான் அந்த ஊர்த் தண்ணீரைப் பார்ப்பேன். பையில் உப்பின் அளவைக் காட்டும் பேனா மாதிரியான மீட்டர் ஒன்றும், கொதிக்கவைத்துக் கழுவிய சின்னக் கண்ணாடிப் புட்டிகள் நாலும் எப்போதும் இருக்கும். இதை ஒரு வியாதி என்பாள் என் மனைவி.

செங்கல்பட்டுப் பக்கம் என்னைக் கிளப்பிவிட்டது தங்கை சரசுவின் போன். அவள் புருஷன் ஏகாம்பரம் முன்பு லாரி ஓட்டியவர். பனியன் லோடு ஏற்ற திருப்பூர் வந்த லாரிக்காரர் பொண்ணையும் சேர்த்து ஏற்றிக்கொண்டு போய்விட்டார் என்று எங்கள் தெருவில் இன்றைக்கும் கிண்டல் செய்வார்கள். இப்போது செங்கல்பட்டு ஸ்டேஷனிலிருந்து சிறுசேரி ஐ.டி. கம்பெனிக்கு ஆட்களைக் கொண்டுபோகும் வேன் ஓட்டுகிறார். போன மாதம் ஒருநாள் காலை, பன்னிரண்டு பேரை ஏற்றிக்கொண்டு போனவர், வண்டியை மாமல்லபுரம் கடற்கரையில் நிறுத்திவிட்டார். பன்னிரண்டு பேரும் காதில் எதையோ மாட்டிக்கொண்டு போனுக்குள் தலையை விட்டிருந்ததால், வண்டி நின்று நிமிர்ந்து பார்த்தபோதுதான் எதிரே கடல் இருந்தது தெரிந்திருக்கிறது.

"எல்லாருஞ் சிரிச்சுட்டாங்கண்ணா. எனக்குத்தான் சிரிப்பு வல்லீங்ணா. நடையும் சரியில்லைங்ணா, காலைத் தூக்கவே மாட்டேங்கறாரு. பாத்ரூம் போறதுக்குள்ள வேட்டி நனைஞ்சு போயிருது" என்றாள் சரசு. அன்றே கிளம்பினேன்.

மின்சார ரயிலில் பரனூர் தாண்டியதும் கொளவாய் ஏரி கூடவே ஓடி வந்தது. இவ்வளவு தண்ணீரைத் திருப்பூரில் ஒன்றாகப் பார்த்தால் நாங்கள் சந்தேகப்படுவோம், எந்தப் பட்டறை திறந்துவிட்டதோ என்று. ஸ்டேஷனுக்கு வெளியே இட்லிக்கு வடகறி ஊற்றினார்கள். இட்லிக்குச் சட்னி கேட்டவனை அந்தக் கடைக்காரர் பார்த்த பார்வையில் நான் வேற்று நாட்டான் என்பது உறுதியாயிற்று. "இன்னா சார், வடகறி துன்னமாட்டியா?" என்றார். அறுபத்திரண்டு வயதில் என்னை "மாட்டியா" என்றது சுருக்கென்றது. எங்கள் பக்கம் எருமை மாட்டைக்கூட "போங்க" என்றுதான் விரட்டுவோம்.

திருக்கழுக்குன்றத்தில் சரசு வீடு. ஏகாம்பரம் வாசலுக்கு வந்தார். கால் இரண்டும் சிமெண்டுத் தரையோடு ஒட்டிக்கொண்ட மாதிரி, பிய்த்துப் பிய்த்து எடுத்து வைத்தார். "வா மச்சான். எப்ப வந்த? நாஸ்தா ஆச்சா?" என்றார். ஆயிற்று என்றேன். கை கழுவி வருவதற்குள் மறுபடியும், "நாஸ்தா ஆச்சா மச்சான்?" என்றார். சரசு அடுப்பங்கரைப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மறுநாள் செங்கல்பட்டில் நரம்பு டாக்டர். நாற்பது வயதிருக்கும் அந்த அம்மாள், ஸ்கேனை வெளிச்சத்தில் பிடித்துக்காட்டி நிதானமாகச் சொன்னார். "ரெண்டு சந்தேகம் இருக்கு சார். ஒண்ணு, மூளைக்குள்ள இருக்கிற தண்ணி வடியாம தேங்கியிருக்கலாம். அப்படின்னா ஒரு மெல்லிசான குழாய் வெச்சு வயித்துப் பக்கம் வடியவிட்டா, நடை நல்லாவே திரும்பும். ஞாபகமும் ஓரளவு திரும்பலாம். இன்னொண்ணு அல்சைமர். அதுன்னா குழாய் வெச்சு அவரைக் கஷ்டப்படுத்தறதுல பெரிய பலன் இருக்காது. ஸ்கேன்ல ரெண்டும் கலந்த மாதிரி தெரியுது. அதே தண்ணிதான் முதுகுத்தண்டுலயும் ஓடுது, அங்க ஊசி போட்டு எடுத்துப் பாக்கணும்."

தண்ணீர் என்றதும் என் காது விடைத்துக்கொண்டது. அந்தத் தண்ணீரில் அமிலாய்டு, டாவ் என்று இரண்டு புரதங்களை அளப்பார்களாம். அல்சைமர் என்றால் அமிலாய்டு மூளையிலேயே படிந்துபோய் முதுகுத் தண்ணீரில் குறைந்துவிடும், டாவ் கூடிவிடும். சாயத்தொட்டியில் கசடு அடியில் இறங்கினால் மேல்தண்ணீர் தெளிகிறதே, அந்தக் கணக்குத்தான் என்று புரிந்துகொண்டேன். குறைந்திருந்தால் நல்லது என்று முப்பது வருஷம் பழகிய எனக்கு, குறைந்திருந்தால் கெடுதல் என்பது விசித்திரமாக இருந்தது.

ஏகாம்பரம் மாட்டேன் என்றார். "முதுவுல தண்ணி எட்த்தா காலு பூடும்னு சொல்றாங்க மச்சான். எங்க தெருவுல ஒருத்தன் அப்டியே படுத்துட்டான். கீற காலும் பூட்ச்சின்னா இவ என்னா தூக்கிகினு திரிவாளா?" சரசுவுக்கும் அந்தப் பயம் இருந்தது.

நான்தான் பேசினேன். தண்ணி எடுப்பதால் கால் போகாது, டாக்டரே சொல்கிறார், இது தண்ணீர் சமாச்சாரம், என் தொழில். "நான் கூட இருக்கறனுங்க மாப்பிள்ளை. ஒரு சொட்டு வீணாப் போகாது, அதுக்கு நான் பொறுப்பு" என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்து, "நீ சொல்றதால ஒத்துக்கிறேன்" என்றார்.

ஊசி போட்ட அன்று கதவுக்கு வெளியே நானும் சரசுவும் நின்றோம். உள்ளே அவர் பக்கவாட்டில் சுருண்டு படுத்துக்கொண்டு, "யம்மா" என்று ஒரே ஒரு முறை சொன்னது கேட்டது. எடுத்த தண்ணீரைப் பிறகு பார்த்தேன். இவ்வளவு சுத்தமான தண்ணீரை நான் எந்தப் பட்டறையிலும் பார்த்ததில்லை. தண்ணீர் குறைந்ததில் நடை தேறுகிறதா என்று சில மணி நேரம் கழித்து அவரை நடக்கவிட்டுப் பார்த்த டாக்டர், "கொஞ்சம் தேவலை மாதிரி இருக்கு, ஆனா இதை மட்டும் வெச்சு முடிவு பண்ண முடியாது. அந்த ரெண்டு அளவும் வரட்டும்" என்றார். ஆக, எல்லாம் அந்தத் தண்ணீரின் கையில்.

அதைச் சிறுசேரியில் இருக்கும் ஒரு சேகரிப்பு மையத்தில் சேர்க்க வேண்டும், அங்கிருந்து விமானத்தில் வேறு ஊருக்குப் போகும். வழக்கமாக எடுத்துப்போகிறவர் அன்று வரவில்லை. நான் கொண்டுபோகிறேன் என்றேன். நர்ஸ் ஐஸ் வைத்த தெர்மோகோல் பெட்டிக்குள் பிளாஸ்டிக் குழாயை நிறுத்தி, "தனியா வரவழைச்ச டியூப் சார். அப்படியே குடுத்துடுங்க" என்றார். தலையாட்டினேன். பிளாஸ்டிக்கா என்று அப்போதே மனசுக்குள் முகம் சுளித்தேன். எங்கள் லேப்பில் பிளாஸ்டிக்கில் வந்த சாம்பிளை நான் தொட்டதே இல்லை.

திருப்போரூர் பஸ்ஸில் மடியில் பெட்டியோடு உட்கார்ந்தேன். பக்கத்தில் பூக்கூடையோடு ஒரு அம்மாள். "இன்னா மீனுபா?" என்றாள். மீன் இல்லை என்றேன். "எறாவா?" என்றாள். அதுவும் இல்லை, முதுகுத் தண்ணி என்றேன். அவள் கூடையைத் தூக்கிக்கொண்டு முன்சீட்டுக்குப் போய்விட்டாள்.

பாதி வழியில் பஸ் படுத்துவிட்டது. இரண்டு பக்கமும் காடு. கண்டக்டர் இறங்கி எஞ்சினை எட்டிப் பார்த்துவிட்டு, "அடுத்த வண்டி வந்துகினு கீது, எல்லாம் அதுல ஏறிக்கங்க" என்றார். அந்த வண்டி ஒரு மணி நேரம் வந்துகொண்டே இருந்தது. வெயில். ஐஸ் கரைந்திருக்குமோ என்ற பதைப்பில் பெட்டியைத் திறந்தேன். குழாயின் மூடியைச் சுற்றி ஈரம். விரலால் தடவிப் பார்த்தேன், மறுபடியும் ஈரம். ஒழுகுகிறது என்று எனக்குத் தோன்றிவிட்டது. கரைந்த ஐஸின் ஈரமாக இருக்கலாம் என்ற எண்ணம் வரவே இல்லை. ஒரு சொட்டு வீணாகாது என்று வாக்குக் கொடுத்தவன் நான்.

பையிலிருந்த புட்டிகளில் ஒன்றை எடுத்தேன். புத்தம் புதியது போலச் சுத்தம். ஒரு சொட்டு சிந்தாமல், முதுகுத் தண்ணீரை அதற்கு மாற்றி மூடியை இறுக்கி, மிச்சமிருந்த ஐஸுக்குள் வைத்தேன். அந்த வேலையை அவ்வளவு நேர்த்தியாகச் செய்ததில் எனக்கு ஒரு பெருமைகூட இருந்தது. மறைப்பானேன்.

மையத்தில் கவுண்டரில் இருந்த பெண் புட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இன்னா சார் இது, கண்ணாடில கொண்டாந்துகிறீங்க?"

"ஏம்மா, முப்பது வருஷம் லேப்ல இருந்தவன் நான். சாம்பிளுக்குக் கண்ணாடிதான் சுத்தம். எனக்குத் தெரியாதா?" என்றேன், கொஞ்சம் குரலை உயர்த்தி.

என் நரைத்த தலையையும் சட்டைப் பையிலிருந்த மீட்டரையும் பார்த்தவள், மறுபேச்சில்லாமல் தன் குழாய்க்கு மாற்றிச் சீட்டு ஒட்டினாள்.

முடிவு வர ஒன்பது நாளாயிற்று. சும்மா இருக்க முடியாமல் ஊர் ஊராகத் தண்ணீர் பார்த்தேன். சங்குதீர்த்தக் குளத்துத் தண்ணீர் நான் நினைத்ததைவிட மென்மை. புதுப்பட்டினம் கடையில் குடிக்கக் கொடுத்த தண்ணீரில் மீட்டர் எகிறியது. அங்கே வாங்கிய வஞ்சிரத்தைச் சரசு வறுத்து வைத்தாள். ஆடும் கோழியும் தின்று வளர்ந்த எனக்கு முள்ளோடு மல்லுக்கட்டத் தெரியவில்லை. ஏகாம்பரம் தன் தட்டை ஓரமாக வைத்துவிட்டு எனக்கு முள் எடுத்துக் கொடுத்தார். எடுத்து முடித்ததும், "உனுக்கு எப்ப ரயிலு?" என்று கேட்டார். ஒரே நாளில் அதை எத்தனை முறை கேட்டார் என்று எண்ணுவதை நான் விட்டுவிட்டேன். ஒவ்வொரு முறையும் முதல்முறை போலவே பதில் சொன்னேன்.

ஒன்பதாம் நாள், செவ்வாய்க்கிழமை, டாக்டர் காகிதத்தைப் படித்துவிட்டு நெற்றியைத் தேய்த்தார். "அமிலாய்டு ரொம்பக் குறைவா இருக்கு. அல்சைமர்ல அப்படித்தான் இருக்கும். ஆனா டாவ் அதிகமாகலை. ஒண்ணுக்கொண்ணு ஒத்துவரலை. கண்ணாடில வெச்சா இந்த அமிலாய்டு சுவத்துல ஒட்டிக்கிட்டு, இல்லாத குறைச்சலைக் காட்டும். ஆனா நாம தனி பிளாஸ்டிக் டியூப்லதானே அனுப்பினோம், அதனால அந்தச் சந்தேகத்துக்கு இடமில்லை. இந்த நிலைமையில குழாய் வைக்கச் சொல்ல எனக்கு மனசு வரலை. வியாழக்கிழமை வாங்க, மாத்திரை ஆரம்பிக்கலாம்."

சரசு முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டாள். ஏகாம்பரம் டாக்டரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். சொல்லியிருக்க வேண்டிய இடம் அதுதான், ஒரே ஒரு வாக்கியம். சொல்லவில்லை. முப்பது வருஷ லேப்காரன் என்று பத்து நாளாக எல்லாரிடமும் பீற்றிக்கொண்ட வாய் திறக்கவில்லை.

அன்று சாயங்காலமே விஷயம் கேள்விப்பட்டு வேனின் சொந்தக்காரர் வந்து சாவியை வாங்கிக்கொண்டு போனார். தகராறு ஒன்றும் இல்லை, காபி குடித்துவிட்டு, தலையைக் குனிந்துகொண்டுதான் வாங்கினார். மறுநாள் காலை ஏகாம்பரத்தின் செருப்பைக் காணோம். அவர் பாட்டுக்கு வெளியே போய்விடுவார் என்று சரசு எடுத்து ஒளித்துவைத்திருந்தாள். "இனிக் கொழந்தை மாதிரி பாத்துக்க வேண்டியதுதானுங்ணா" என்று என்னிடம் கிசுகிசுத்தாள். அவர் அடுத்த அறையில்தான் இருந்தார். ஒரு ஆளை வீட்டோடு கட்டிப்போடுகிறோம், அதுவும் என் புட்டியில் ஒட்டிக்கொண்ட எதையோ நம்பி.

செருப்பைக் கேட்டு வாங்கி, அவரை மாமல்லபுரம் பஸ்ஸில் ஏற்றினேன். கடற்கரை மணலில் கைத்தாங்கலாகக் கூட்டிப்போனேன். அங்கே வெள்ளைக்காரர்கள் ஒரு குடும்பமாக வெயிலில் சிவந்துகொண்டிருந்தார்கள். ஏகாம்பரம் ஓரிடத்தில் நின்று கை நீட்டினார்.

"இங்கதான் மச்சான் வண்டிய நிறுத்துனேன். பன்னெண்டு பேரும் ஒரே நேரத்துல தலைய தூக்குச்சிங்க, கோழி மாறி." சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. "எல்லார்கிட்டயும் சிரிச்சிகினேதான் சொல்றேன். ஆனா அன்னிக்கி கடல பாத்தப்ப எனுக்கு ஒண்ணியும் புரியல. ஏன் வந்தேன், யாரு இவங்கல்லாம்னு. அந்த பயம் கீதே, அத்த யாராண்ட சொல்றது?"

அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. பஸ் படுத்தது, மூடியில் ஈரம் பார்த்தது, கண்ணாடிப் புட்டி, கவுண்டர்ப் பெண்ணை அதட்டியது, டாக்டர் அறையில் வாயை மூடிக்கொண்டது, எல்லாவற்றையும் சொன்னேன். "அந்த முடிவு தப்பா இருக்கலாமுங்க மாப்பிள்ளை. உங்களுக்குக் குழாய் வெச்சுச் சரியாகற வியாதியாக்கூட இருக்கலாம். என்னாலதான் தெரியாமப் போச்சு. மறுக்கா ஊசி போடணும்" என்றேன்.

அவர் கடலையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபப்படுவார் என்று காத்திருந்தேன். "காத்து நல்லா அடிக்குது இல்ல?" என்றார். பிறகு, "உனுக்கு எப்ப ரயிலு?" என்றார்.

நாளைக்குச் சாயங்காலம் என்றேன்.

திரும்பும் பஸ்ஸில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ராத்திரிச் சாப்பாட்டிலும் இல்லை. வியாழக்கிழமை காலை, "நாஸ்தா ஆச்சா மச்சான்?" என்று வழக்கம்போல இரண்டு தரம் கேட்டார். மறந்துவிட்டார் என்று முடிவு செய்தேன். சொல்ல வேண்டியவரிடம் சொல்லிவிட்டேன், அவர் மறந்தால் நான் என்ன செய்ய என்று ஒரு குரல் உள்ளே கேட்டது. அப்போது மனசு ஒரு நொடி லேசானது உண்மை. அதை எழுதும்போது உடம்பு கூசுகிறது.

பையையும் எடுத்துக்கொண்டேதான் ஆஸ்பத்திரிக்குப் போனேன், அங்கிருந்து நேரே ஸ்டேஷன் போவதாகச் சொல்லி. டாக்டர் மாத்திரைச் சீட்டை எழுத ஆரம்பித்தார். இரண்டு வரி எழுதியிருப்பார். என் பக்கத்தில் ஏகாம்பரம் கைகளை முழங்காலில் வைத்து, பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி உட்கார்ந்திருந்தார். வெளியே ரயில் கூவியது. எழுந்து நின்றேன்.

"டாக்டர், அந்தத் தண்ணியை நான் கண்ணாடிப் புட்டிக்கு மாத்திட்டனுங்க."

பேனா நின்றது. எல்லாவற்றையும் இரண்டாம் தரம் சொன்னேன். முதல்முறை கடற்கரையில் சொன்னதைவிட இது பத்து மடங்கு கஷ்டமாக இருந்தது, இவர்கள் மறக்க மாட்டார்கள்.

"முப்பது வருஷம் லேப்ல இருந்தவர் நீங்க" என்றார் டாக்டர்.

"அதனாலதானுங்க" என்றேன்.

சரசு என் பக்கம் திரும்பினாள். "ஏங்ணா, செவ்வாக்கெழமை இதே எடத்துல குத்துக்கல்லாட்டம் உக்காந்திருந்தீங்களே" என்றாள்.

டாக்டர் எழுதிய சீட்டைக் கிழித்தார். என்னைத் திட்டவில்லை, அது இன்னும் மோசமாக இருந்தது. நாற்காலியை ஏகாம்பரத்தின் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, மெதுவாகச் சொன்னார். "ஏகாம்பரம், அந்த முடிவை நம்ப முடியாது. மறுபடியும் முதுகுல ஊசி போட்டுத் தண்ணி எடுக்கணும். போன தடவையே பயந்தீங்க. உங்களுக்குச் சம்மதம்னாதான் செய்வேன். நான் சொல்றது புரியுதா?"

"புரியாம என்னா டாக்டரம்மா. மச்சான் நேத்து பீச்சாண்டயே எல்லாத்தியும் சொல்லிச்சி" என்றார் ஏகாம்பரம். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"நா மறக்கல மச்சான். நீ மறந்துட்டு ரயில் ஏறிடுவியோன்னுதான் பாத்துகினு இருந்தேன்."